மினிக்கு 1275 எஞ்சின்: ரப்பர் கப்ளிங் தாங்குமா?

கேள்வி: என்னிடம் 1967 மாடல் மினி 850 கார் இருக்கிறது. 1275 சிசி எஞ்சின் ஏற்றப் போகிறேன். உள்பக்க ரப்பர் கப்ளிங்கைப் புதிதாக மாற்றினால் போதுமா? 'ஹெவி டியூட்டி ரப்பர் கிடைக்கும், கவலை வேண்டாம்' என்கிறார் ஃபோர்மென். (பட்டர்வொர்த் வாசகர்)

போதாது. கியர்பாக்ஸையும் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டையும் இணைக்கும் அந்த ரப்பர், 34 குதிரைசக்தி எஞ்சினுக்காகப் போட்டது. மினியின் வேக வகையான கூப்பர் எஸ் மாடலுக்கே பின்னாளில் ரப்பரை எடுத்துவிட்டு ஊசி பேரிங் உள்ள ஹார்டி ஸ்பைசர் என்ற இரும்பு ஜாயிண்ட் கொடுத்தார்கள்.

ரப்பர் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பகுதி) சீலில் கசியும் எண்ணெய் அதன் மேல் பட்டு ஊற வைக்கும். ஊறிய ரப்பர் உப்பி, உள்ளிருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்திலிருந்து கழன்றுவிடும். அப்புறம் அந்த இரும்பும் அதைப் பிடிக்கும் யூ-போல்ட்டும் சுழலும்போதெல்லாம் அலுமினிய கியர்பாக்ஸ் உறையை அரைக்கும். உறை ஓட்டையானால் எண்ணெய் முழுவதும் ரோட்டில். மினியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதை மறக்காதீர்கள்.

எஞ்சின் வாங்கும்போது முதலில் அதன் அடியில் வரும் கியர்பாக்ஸைப் பாருங்கள். 1973க்குப் பிந்திய ராட்-சேஞ்ச் வகை (கம்பி வழியாகக் கியர் மாற்றுவது) என்றால் பாட் ஜாயிண்டோடு (கிண்ணம் போன்ற உறைக்குள் இயங்கும் உள் ஜாயிண்ட்) வரும். பொருந்தும் டிரைவ் ஷாஃப்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள். கியர் கம்பி ஏறும் இடமும் மாறும். உங்கள் பழைய கியர்பாக்ஸையே வைத்தால் ஹார்டி ஸ்பைசர்தான் சுலபம். பழையதில் பாட் ஜாயிண்ட் போட டிஃபரன்ஷியலையே பிரிக்க வேண்டும்.

இங்கேதான் தரகர்கள் விளையாடுவார்கள். ஜாயிண்டை மட்டும் விற்றுவிட்டு, டிஃபரன்ஷியல் பக்கத்து நான்கு போல்ட் ஃபிளாஞ்சை (ஜாயிண்ட் பொருந்தும் தட்டு) 'அப்புறம் தேடலாம்' என்பார்கள். முழு செட் கண்ணில் படாமல் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். 'ஹெவி டியூட்டி' ரப்பர் என்பது பெரும்பாலும் பல வருடம் அலமாரியில் கிடந்து இறுகிய பழைய சரக்கு. நகத்தால் அழுத்துங்கள், பதியாமல், ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எஞ்சினை மாற்றாமல் 850 ஆகவே ஓட்டுபவர் ரப்பரை விட்டுவிட்டு இரும்புக்குப் போக வேண்டியதில்லை. கிளட்ச் விடும் அதிர்ச்சியை ரப்பர் விழுங்கிக்கொள்கிறது. இரும்பு அதை அப்படியே கியருக்குக் கடத்தும். நல்ல ரப்பர், கசியாத சீல், புது செல்ஃப்-லாக் நட்டு போதும். ஒரு கப்ளிங்குக்கு நான்கு யூ-போல்ட், எட்டு நட்டு. நட்டைத் தாண்டி மரை 1.5 மி.மீ. அளவு தெரியும்வரை இறுக்கினால் சரி. அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கும். பழைய நட்டைத் திரும்பப் போட்டால் கழன்று வரும். ஆனாலும் பழைய நட்டையே துடைத்துப் போடுகிற பட்டறைகள் இருக்கின்றன.

எதைப் போட்டாலும், எஞ்சின் ஆடாமல் மேலே பிடிக்கும் ஸ்டெடி பாரின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும், ஜாயிண்ட்தான் அடி வாங்கும். விலை சொற்பம், முதலில் அதை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கையில் 'டொக்' என்றால் உள் ஜாயிண்ட் அல்லது இந்த புஷ். பினாங்கு பாலிக் பூலாவ் வளைவுகளில் திருப்பும்போது 'டிக்டிக்' என்றால் சக்கரப் பக்கத்து வெளி சிவி ஜாயிண்ட்.

முன்பக்க டிரம் பிரேக்கோடு 1275ஐ ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள், டிஸ்க் வேண்டும்.

கடைசியாக, எஞ்சின் எண் மாறினால் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) கிராண்டை (வண்டிப் பதிவுச் சான்று) திருத்தியாக வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை, ஒரு காகிதம் குறைந்தால் மறுபடி வா என்பார்கள். அந்தச் சலிப்பில்தான் காசு வாங்கி நமக்காக அலையும் ரன்னர்களுக்குப் பிழைப்பு. எஞ்சின் விற்பவரிடம் ரசீது வாங்குங்கள், எஞ்சின் எண் அதில் தெளிவாக இருக்கட்டும். ரசீது தராதவரிடம் எஞ்சினே வாங்காதீர்கள்.