சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 28 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனமெல்லாம் சமையலில்தான் இருக்கிறது. விடுமுறை நாட்களில் முப்பது, நாற்பது பேருக்குச் சமைத்திருக்கிறேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு சமையல் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. என் சேமிப்பு பாதிக் கட்டணத்துக்குத்தான் வரும். மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள், முறையாகப் படி என்கிறார் அப்பா. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது கடன் எதற்கு என்கிறாள் அக்கா. சேர்க்கைக் கட்டணம் கட்ட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சேரலாமா? இந்த வயதில் தொடங்குவது தாமதமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்த ஆறு வாரத்தின் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஓர் உணவகத்தின் சமையலறைக்குப் போய் வேலை செய்யுங்கள். அதுவரை கல்லூரிக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். என் பதில் இதுதான். ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் மீதிக் கடிதம்.

நான் உணவகச் சமையலறைகளில் நெடுநாள் வேலை பார்த்தவள். பிறகு பயிற்சி வகுப்பில் பாடமும் எடுத்தவள். பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்றுபோன மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குச் சமைக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். சமைப்பதைத் தொழிலாகச் செய்தால் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாற்பது பேருக்கு நீங்கள் சமைத்தபோது என்ன சமைப்பது என்பதை நீங்களே முடிவு செய்தீர்கள். எப்போது பரிமாறுவது என்பதும் உங்கள் கையில்தான் இருந்தது. சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தீர்கள். உணவகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு இந்த மூன்றும் கிடையாது. காலையில் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அளவு மாறினால் பாதி கருகும்போது பாதி பச்சையாக நிற்கும். பிறகு கூட்டம் வரும். ஒரே பதார்த்தத்தை அறுபது முறை செய்ய வேண்டியிருக்கும், அறுபதாவது தட்டும் முதல் தட்டைப் போலவே இருந்தாக வேண்டும். பத்து மணி நேரம் நின்றபடி, அடுப்பின் வெக்கையில், பின்னால் யாராவது கொதிக்கும் பாத்திரத்தோடு கடந்து போகிறார்களா என்று காதால் கவனித்தபடி வேலை நடக்கும். ஊரே விடுமுறை கொண்டாடும் நாளில்தான் உங்களுக்கு வேலை அதிகம். யாருக்காகச் சமைத்தீர்களோ அவரைப் பார்க்கவே மாட்டீர்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தயக்கம் வரலாம். அல்லது, இப்போதே அங்கே போய் நிற்க வேண்டும் என்று கை பரபரக்கலாம். எது வரும் என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

எப்படிக் கேட்பது என்று யோசிப்பீர்கள். மதியக் கூட்டம் கலைந்து இரவு வேலை தொடங்காத மூன்று மணிவாக்கில் போங்கள். தலைமைச் சமையல்காரரைப் பார்த்து, "இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று முடிவு செய்ய வேண்டும்; உரிக்கிறேன், நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் முடியாது என்பார்கள், மூன்றாவது இடத்தில் வரச்சொல்வார்கள். ஊதியமில்லாமல் ஆளை வைத்துக்கொள்ளச் சில நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படியானால் வார இறுதி உதவியாளர் வேலை கேளுங்கள். சம்பளத்துக்கு நின்றால் உங்களை விருந்தாளியாக நடத்த மாட்டார்கள். அது இன்னும் நல்லது.

போய்வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கல்லூரியைப் பற்றிப் பேச வேண்டும்.

கல்லூரி இல்லாமலே இந்தத் தொழிலில் உச்சிக்குப் போனவர்கள் உண்டு. நவீனச் சமையலறையின் பணிப்பிரிவு முறையை வகுத்தவராகக் கருதப்படும் ஓகுஸ்ட் எஸ்கோஃபியே, 13 வயதில் பிரான்ஸின் நீஸ் நகரில் தன் உறவினர் ஒருவரின் உணவகத்தில் எடுபிடியாகத் தொடங்கியவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையல் கலைஞர் தாமஸ் கெல்லரும் சமையல் கல்லூரியில் படிக்காதவர்தான். இவர்களைக் காட்டிக் கல்லூரி வேண்டாம் என்று உங்கள் அக்கா வாதாடலாம். ஆனால் வேலையிலேயே கற்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நீங்கள் காய் நறுக்குவதில் தேர்ந்துவிட்டால் உங்களைக் காய் நறுக்கும் இடத்திலேயே வைத்திருக்க உணவகத்துக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. சாஸ் பக்கமோ இறைச்சிப் பக்கமோ நகர ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். கல்லூரி உங்களை எல்லாப் பிரிவுகளின் வழியாகவும் வரிசையாக நடத்திக்கொண்டு போகும். அங்கே நீங்கள் கருக்கிய பாத்திரத்துக்காக எந்த வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார். ஏன் கருகியது என்று நின்று பேச ஓர் ஆசிரியர் இருப்பார். கல்லூரியின் உண்மையான மதிப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

காணொளிகளில் எளிதில் கிடைக்காத வேறு சிலவும் அங்கே உண்டு. சமைத்ததை எப்படி ஆறவைப்பது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவு விதிகளின்படி, 57 டிகிரி செல்சியஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கியாக வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகுவதே காரணம். வீட்டுப் பாத்திரத்தில் இது பெரிதாகத் தெரியாது. நாற்பது லிட்டர் குழம்பு அந்த நேரத்தில் தானாக ஆறாது. ஆழம் குறைந்த தட்டுகளில் பிரிக்க வேண்டும், பனிநீரில் வைக்க வேண்டும். நூறு பேரைப் படுக்கையில் தள்ளக்கூடிய விஷயம் இது. ருசியைவிட முதலில் கற்க வேண்டியது என்பேன்.

அடுத்தது செலவுக் கணக்கு. பத்துக் கிலோ காயில் தோலும் காம்பும் இரண்டு கிலோ போனால், பத்துக் கிலோவின் விலையை மிஞ்சும் எட்டுக் கிலோவே சுமப்பதால், கிலோவுக்கு 25 சதவீதம் விலை ஏறுகிறது. 20 சதவீதம் என்றே புதிய சமையல்காரர்கள் நினைக்கிறார்கள். உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கு தெரியாமல் மூடிய உணவகங்கள் ஏராளம். கணக்குத் துறையில் இருந்த காலத்தை நீங்கள் வீணானதாக நினைக்க வேண்டாம். எந்தச் சமையலறையும் அந்தத் திறமைக்காக உங்களைத் தேடும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். என் கவலையெல்லாம் இங்கேதான். டிப்ளமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதியவர் தொடங்குவது கடைநிலையில்தான். தொடக்கச் சம்பளத்தில் சான்றிதழால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. கட்டணமோ மற்ற தொழிற்படிப்புகளுக்குக் குறையாதது. லெ கோர்தோன் பிளூ என்ற சமையல் பள்ளியின் பெயர் 1895 முதல் பாரிஸில் புகழ்பெற்றது. அந்தப் பெயரை உரிமம் பெற்று அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் நடத்திவந்த 16 வளாகங்களையும் மூடப்போவதாக 2015 டிசம்பரில் அறிவித்தார்கள்; 2017க்குள் மூடியும் விட்டார்கள். மாணவர்களின் கல்விக் கடனை அவர்கள் பின்னர் ஈட்டும் வருமானத்தோடு ஒப்பிட்ட புதிய அரசு விதிகளை அந்த நிறுவனமே ஒரு காரணமாகச் சொன்னது. பாரிஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி கணக்கில் தெரிந்துவிடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். மூன்று உணவகங்களில் கடைநிலைச் சம்பளம் என்ன என்று விசாரியுங்கள். கடனின் மாதத் தவணை அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இந்தக் கல்லூரி இந்த விலையில் வேண்டாம் என்பது என் கருத்து. கடன் அழுத்தும்போது, நல்ல ஆசிரியர் கிடைக்கும் சமையலறையை விட்டுவிட்டு அதிகச் சம்பளம் தரும் சமையலறைக்கு ஓட வேண்டியிருக்கும். முதல் மூன்று ஆண்டுகளில் அது பெரிய இழப்பு.

கணக்கு ஒத்துவந்தால் கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். சேர நினைப்பவர்களைத் திறந்த நாள் என்று அழைத்துச் சுற்றிக்காட்டும் நாளில் வேண்டாம், ஒரு சாதாரண நாளில் வகுப்பு நடக்கும்போது பார்க்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர்கள்? ஆசிரியர் செய்துகாட்டுவதை நின்று பார்க்கிறார்களா, அவரவர் கையால் முழுத் தட்டையும் செய்கிறார்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம் கையில் கத்தி இருக்கும்? மாணவர்கள் செய்த உணவை உண்மையான வாடிக்கையாளர் சாப்பிடும் பயிற்சி உணவகம் உண்டா? களப்பயிற்சிக்கு எந்தெந்தச் சமையலறைகளுக்கு அனுப்புகிறார்கள்? கட்டணத்தில் சீருடை, கத்தி, பொருட்செலவு எல்லாம் சேர்த்தியா? சென்ற ஆண்டு முடித்தவர்களின் புகைப்படங்களைக் காட்டுவார்கள். நீங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இருவரைத் தேடிப் பிடியுங்கள். இன்னும் தொழிலில் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

இரண்டாண்டு டிப்ளமா ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் சமையல்காரர் ஆவதற்கான மூன்றாண்டுப் பயிற்சி, உணவகத்தில் ஊதியத்துக்கு வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாகச் சேர்ந்தே நடக்கிறது. அப்படியொரு ஏற்பாடு உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எந்தத் தனியார் டிப்ளமாவையும்விட அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இல்லையென்றால், ஓராண்டு வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். அப்படி வரும் மாணவர் வகுப்பில் முதல் நாளே தெரிந்துவிடுவார். அவருடைய கேள்விகளே வேறு. பேக்கரி, இனிப்பு வகைகளில்தான் உங்கள் ஆர்வம் என்றால் கதை கொஞ்சம் மாறும். அங்கே அளவும் வேதியியலும் கறாரானவை. நல்ல வகுப்பு பல மாதங்களை மிச்சப்படுத்தும். ஆறு மாதச் சிறப்புப் படிப்பே போதுமா என்று பாருங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட் 1949ல் லெ கோர்தோன் பிளூவில் சேர்ந்தபோது அவருக்கு 37 வயது. முதலில் இல்லத்தரசிகளுக்கான வகுப்பில் போட்டார்கள். அது தனக்குப் போதாது என்று கேட்டு, போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தொழிலுக்காகப் படித்த வகுப்புக்கு மாறிக்கொண்டார். 28 தாமதமே இல்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் இருபது வயதினராக இருப்பார்கள், உங்களைவிட இளையவர் உங்களை அதட்டுவார். அதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: வெளிநாட்டில் வேலை, கப்பல், பெரிய ஹோட்டல், கற்பிக்கும் பணி என்று போக நினைத்தால் சான்றிதழ் கேட்பார்கள். மேலே சொன்ன சம்பளக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். படிப்பைத் தள்ளிப்போடுகிறீர்கள், கைவிடவில்லை என்பது அவருக்குப் புரியும். கல்லூரியிடமும் சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு மாற்ற முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். இப்போதே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினால் போகட்டும் என்று விடுங்கள். நல்ல கல்லூரிகள் அடுத்த ஆண்டும் ஆள் எடுக்கும்.

அலுவலக வேலையை இப்போது விட வேண்டாம். முதல் சனிக்கிழமைக்கு முன் வழுக்காத அடிப்பாகமும் மூடிய முன்பகுதியும் உள்ள காலணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முடியை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். கத்தியை அவர்களே தருவார்கள்.