ஷேட் கார்டை அப்புறம் பார்ப்போம்: சுவர் நிறம் பற்றிய கேள்வி பதில்

வீட்டுக்கு நிறம் தேர்வது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் "எந்த நிறம் நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். ஜன்னல் எந்தத் திசையில், தரை என்ன நிறம், ராத்திரி என்ன பல்ப் எரிகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாதுங்க.

வடக்குப் பார்த்த ஹால். அதற்கு மஞ்சள், கிரீம் மாதிரி சூடான நிறம்தான் அடிக்கணும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உண்மைங்களா? (கோபிசெட்டிபாளையம்)

அந்த விதி ஐரோப்பா மாதிரி இடங்களுக்குப் பொருந்தும். அங்கே ஆண்டு முழுக்க உச்சிச் சூரியன் தெற்கு வானத்தில்தான் நிற்கும். வடக்கு ஜன்னலில் வெயில் விழுவது அபூர்வம், வரும் வெளிச்சமும் நீலம் கலந்து மங்கலாக இருக்கும். அதை ஈடுகட்ட மஞ்சள் அடிக்கிறார்கள். நம் ஊர் 11 பாகை அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், வடக்கு ஜன்னலிலும் வெயில் படும். மற்ற மாதங்களில் வடக்கு அறைக்கு நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். நிறம் மாறாமல் காட்டுகிற அறை அதுதான். வெளிர் பச்சை, சாம்பல் கலந்த நீலம் எல்லாம் தாராளமாக அடிக்கலாம்.

கவலைப்பட வேண்டியது மேற்கு அறையைப் பற்றி. சாயங்கால வெயில் உள்ளே இறங்கினால் கிரீம் காவியாகத் தெரியும், பீச் ஆரஞ்சாகிவிடும். அங்கேதான் குளிர்ந்த, சாம்பல் சாயல் உள்ள நிறம் வேண்டும்.

இளநீலம் அடித்தால் மாடி அறை குளிருமா? மே மாதம் படுக்கவே முடிவதில்லை. (கரூர்)

கண்ணுக்குக் குளிர்ச்சி, உடம்புக்கு இல்லை. மாடி அறையின் சூடு முக்கியமாக மேல்தளத்து வழியாக இறங்குகிறது. உள்சுவரில் செலவழிக்கும் காசை மொட்டைமாடிக்கு மாற்றுங்கள்: வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, இல்லையென்றால் வெள்ளை டைல். சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் மழையில் கரையும், மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே இளநீலம் பிடித்திருந்தால் அதையும் அடித்துக்கொள்ளுங்கள்.

பையன் ரொம்பத் துறுதுறுப்பு. அறைக்கு பிங்க் அடித்தால் அமைதியாவான் என்று படித்தேன். (திருப்பூர்)

அந்தப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படையின் காவல் அறை ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட பிங்க் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்களின் மூர்க்கம் குறைந்ததாகச் சொன்னதும் அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் பிங்க் அறையையும் வெள்ளை அறையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே பையனை பெயின்ட் திருத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நிறம் செய்யக்கூடியது வேறு. பளீரென்ற நிறம், வெள்ளை பல்ப், சுவரெல்லாம் ஸ்டிக்கர் என்று இருந்தால் படுக்கும் நேரத்தில் அறை அடங்காது. கட்டில் பக்கச் சுவரை மங்கலான நிறத்தில் வைத்து, ராத்திரிக்கு 6500 கெல்வின் வெள்ளை பல்பை எடுத்துவிட்டு 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் போட்டுப் பாருங்கள். பெயின்டை விட இது மலிவு. கிறுக்குவதற்கு ஒரு சுவரை அவனுக்கே விட்டுவிடுங்கள், அதில் கழுவக்கூடிய பெயின்ட் அடித்தால் போதும்.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீடு, நடுவில் திறந்த முற்றம். சிவப்பு ஆக்சைடு தரை, சுண்ணாம்புச் சுவர். ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) கிரே எமல்ஷன் அடிக்கணும் என்று பிள்ளைகள் பிடிவாதம். என்ன செய்யட்டுங்க?

எனக்கு இது மனசு வராத வேலை. காரணம் இரண்டு.

முதலாவது, சுவரின் உடல்வாகு. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து, வெயிலில் வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி படியும் எமல்ஷனை ஏற்றினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, தோல் உரிவது போல பெயின்ட் உரியும். முதல் வருஷம் பளபளவென்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தரை. தொட்டியில், அதாவது முற்றத்தில், விழும் வெயில் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் ஏறுகிறது. வெள்ளைச் சுவர் அதை வாங்கி இளஞ்சூடாகத் தெரியும். கிரே சுவர் அதை வாங்கினால் அழுக்கு ரோஜா நிறமாகும். கைப்பேசியில் பிள்ளைகள் பார்த்த கிரே அறைக்கு அடியில் வெளுத்த மரத்தரையோ வெள்ளை மார்பிளோ இருந்திருக்கும்.

சுண்ணாம்பே அடியுங்கள். அதில் துளி நீலம் கலப்பது சும்மா வழக்கத்துக்கு இல்லை, சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை நீலம் அடித்துவிடுவதால்தான் சுவர் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. பிள்ளைகளின் கிரேயை கதவு, ஜன்னல் சட்டங்களுக்குக் கொடுங்கள். தேக்குத் தூண்களுக்கு மட்டும் யாரையும் பெயின்ட் டப்பாவோடு நெருங்க விடாதீர்கள்.

பக்கத்திலேயே எங்கள் தறிக்குடோன். பஞ்சுத்தூசி வீடெல்லாம் படிகிறது. அழுக்குத் தெரியாமல் இருக்க அடர்நிறம் அடிக்கலாமா? (சோமனூர்)

வேண்டாம். பஞ்சுத்தூசி வெள்ளை, அடர்நிறத்தில்தான் அப்பட்டமாகத் தெரியும். அழுத்தமும் இல்லாத வெளிறலும் இல்லாத மணல் நிறம் மாதிரி ஒன்று எடுத்து, லேசான மினுமினுப்புள்ள சாட்டின் வகையில் அடியுங்கள். துடைத்தால் போய்விடும். சொரசொரப்பான டெக்ஸ்சர் பக்கமே போகாதீர்கள்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார், பெயின்ட் எங்கே? சுவர் முழுக்கப் பச்சை. (திருப்பூர்)

பச்சையோடு சண்டை போடாமல் அதோடு சேருங்கள். சின்ன அறையில் கண்ணுக்கு அதிகம் படுவது தரையும் ஜன்னலும். சிவப்புப் பட்டை போட்ட பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் பச்சை பின்வாங்கிவிடும். ஜன்னலுக்குப் பூப்போடாத வெளிர்நிறப் பருத்தித் திரை. டியூப்லைட்டை எடுக்க முடியாவிட்டாலும் மூலையில் மஞ்சள் பல்ப் போட்ட மேசை விளக்கு வைக்கலாம். இந்த மூன்றையும் காலி பண்ணும்போது எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பெயின்ட் கடையின் ஷேட் கார்டில் இளம்பச்சையாக இருந்தது, அடித்த பிறகு கிளிப்பச்சை ஆகிவிட்டது. கடைக்காரர் கலவையில் தப்பா? (பொள்ளாச்சி)

பெரும்பாலும் கலவை சரியாகத்தான் இருக்கும். நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை எதிரொலிக்கும்போது சாயம் ஏறிப்போகும். தபால்தலை அளவுத் துண்டில் அது தெரியாது. அதனால் பிடித்த நிறத்துக்கு ஒரு படி கீழே, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுப்பது வழக்கம்.

இன்னொரு வழி: சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சார்ட் அட்டையில் ரெண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, சுவர் சுவராக மாற்றி ஒட்டிப் பாருங்கள். காலையில், சாயங்காலம், ராத்திரி லைட் போட்டு. நேராகச் சுவரில் அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும்.

வாஸ்துப்படி தென்கிழக்கு சமையலறைக்குச் சிவப்பு அடிக்கணும் என்கிறார் மாமனார். (ஈரோடு)

மறுத்துப் பேசி வீட்டில் மனக்கசப்பு வேண்டாம். கதவுக்குப் பின்னால் இருக்கிற சுவர், இல்லையென்றால் அட்டாலியின் (பரணின்) அடிப்பக்கம், அங்கே செங்கல் சிவப்பில் ஒரு பட்டை அடித்துக் கொடுங்கள். அடுப்பு மேடைக்கு எதிரே வேண்டாம்: பருப்பு நிறமும் குழம்பு நிறமும் மாறித் தெரியும். மஞ்சள் கறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடுப்பைச் சுற்றி டைல், அதற்கு மேலே கழுவக்கூடிய பெயின்ட், நிறம் வெளிர் மஞ்சள். ஈரோட்டு மஞ்சள் தெறித்தாலும் அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புது வீடு, பூச்சு வேலை முடிந்து பத்து நாள்தான். கிரகப்பிரவேசம் நெருங்குகிறது. நிறம் அடித்துவிடலாமா? (பல்லடம்)

கூடாதுங்க. சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் விட வேண்டும். போர் தண்ணி உப்பாக இருக்கிற ஊர்களில் உப்புப் பூப்பதற்கும் வாய்ப்பு அதிகம். விசேஷத்துக்கு வாசல் பக்கம் மாவிலை, வாழைமரம் போதும். நிறத்தை, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, குடியேறி உங்கள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தே தேர்வு செய்துகொள்ளலாம்.