ஒகேனக்கல் அருவிக்குக் காட்டு வழியே குழுவாக நடந்து சென்று ஒரே நாளில் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் எந்தக் கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்று பார்ப்பதற்கு முன், காவிரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். தருமபுரியில் வெயில் கொளுத்தும்போதே ஒகேனக்கலில் வெள்ளம் புரளும். ஏனெனில் அங்கே விழுவது குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழையாகப் பெய்து, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைக் கடந்து, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக வந்து சேரும் நீர். ஜூலை, ஆகஸ்டில் வரத்து கூடினால் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். பிலிகுண்டுலு நீர்வரத்து கன அடிக் கணக்கில் நாளிதழ்களில் வருகிறது. முந்தைய சில நாட்களில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனித்தால் போதும்.

அடுத்தது வனத்துறையின் அனுமதி. ஆற்றையொட்டிய இக்காட்டின் பெரும்பகுதி, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் எரிந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்தபின் விதிகள் இறுகிவிட்டன. கோடையில் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் கேட்பதே வீண்.

வனத்துறை அனுப்பும் காவலரின் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது. அஞ்செட்டிப் பக்கக் காட்டில் நாங்கள் சென்றபோது, உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தடத்தில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் பிளந்து பார்த்தார். உள்ளே மூங்கில் நார் பச்சை மாறாமல் இருந்தது. மேலே வண்டுகூட இன்னும் மொய்க்கவில்லை. யானை பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். அவர் திரும்பி, "யாரு சார் சென்ட் அடிச்சிருக்கறது?" என்று கேட்டபோது எங்களில் இருவர் தலைகுனிந்தனர். எல்லோரையும் சத்தமின்றி உட்காரவைத்துவிட்டு, எங்கள் வாசனை யானைக்கு எட்டாதபடி காற்று வீசும் திசையைப் பார்த்து, நெடுநேரத்துக்குப் பின் சுற்றுவழியில் கூட்டிச் சென்றார். நடை நீண்டதாகச் சிலர் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பை நான் பொருட்படுத்தவில்லை.

குழுவில் மெதுவாக நடப்பவரைக் காவலருக்கு அடுத்து நிறுத்துங்கள். வேகக்காரர்களை முன்னே விட்டால் வரிசை அறுந்து, யார் எங்கே என்றே தெரியாமல் போகும். மேட்டுக் காட்டில் இலையுதிர்க்கும் மரங்களே அதிகம் என்பதால் நிழல் குறைவு, தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். ஆற்றோரம் வந்ததும் பருத்த நீர்மருத மரங்களின் நிழல் கிடைக்கும். கிளைகளில் சாம்பல் நிற மலை அணிலைக் காணும் வாய்ப்பும் உண்டு. அங்கே அமைதியாகத் தெரியும் மடுக்களில் மட்டும் கால் நனைக்க வேண்டாம், காவிரியின் இப்பகுதியில் முதலைகள் உள்ளன. குளியலை அனுமதிக்கப்பட்ட அருவிப் பகுதிக்கு ஒத்திவையுங்கள்.

திரும்பும்போது நடக்க வேண்டாம். மாலையில் யானைகள் ஆற்றுக்கு இறங்கும் நேரம் அது. ஒகேனக்கலில் வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.