வாகனப் பக்கம்: தேய்ந்த சஸ்பென்சனும் கராஜ் கணக்கும்

2020 மார்ச்சில் நின்றுபோன இலங்கையின் வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பின்னும் வரியோடு சேர்ந்த விலை எட்டாத உயரத்தில் நிற்பதால், இருபது இருபத்தைந்து வயதுக் கார்களையே குடாநாட்டில் பலரும் திருத்தித் திருத்தி ஓடுகிறார்கள். இம்முறை தெரிந்தெடுத்த கேள்விகள் எல்லாம் அந்தக் கார்களின் சில்லுக்குப் பின்னால், சில்லையும் காரின் உடலையும் இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்சனில் கேட்கும் சத்தத்தையும், அதற்குக் கராஜ் சொல்லும் கணக்கையும் பற்றியவை.

கேள்வி: எங்களுடையது 2002ஆம் ஆண்டு கொறோலா 121, ஓட்டோ கியர். 2,10,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சின்னக் கிடங்குகளில் மெதுவாக இறங்கி ஏறும்போது முன்பக்கம் ‘கட கட’ என்கிறது. வேகத்தடையில் ஏறினால் சத்தமில்லை. பிறேக் பிடித்தால் இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. கராஜில் தந்த கணக்கு: முன் சொக் இரண்டு 56,000, லோவர் ஆர்ம் இரண்டு 58,000, போல் ஜொயின்ட் இரண்டு 15,000, லிங்க் றொட் இரண்டு 13,000, ரை றொட் என்ட் இரண்டு 12,000, றேக் என்ட் இரண்டு 14,000, ஸ்டெபிலைசர் புஷ் இரண்டு 3,000, கூலி 24,000. மொத்தம் 1,95,000 ரூபாய், சில்லுகளை நேராக்கும் அலைன்மென்ட் வேறு. இவ்வளவும் வேண்டுமா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: எல்லாம் வேண்டியதில்லை என்பதற்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு சில்லு மட்டும் கிடங்கில் விழும்போது சத்தம். இரண்டும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அமைதி. இரண்டு சில்லும் சேர்ந்து எழும்பினால், இடம் வலம் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார், அதைத் தாங்கும் றப்பரான புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று மட்டும் எழும்பும்போதுதான் பார் முறுகி, அதைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் றொட்டின் முனைகளை இழுக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பட்டியலில் 13,000 ரூபாய்க்கு இருக்கும் லிங்க் றொட்டைத்தான். செலவில்லாமல் உறுதிப்படுத்தலாம். இரண்டு லிங்க் றொட்டையும் கழற்றி, பார் எங்கும் முட்டாதபடி கட்டிவிட்டு, அதே ஒழுங்கையில் 20 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான். லிங்க் றொட் இல்லாத கார் திருப்பத்தில் கூடுதலாகச் சாயும். இந்த நிலையில் பிரதான வீதிக்கு எடுக்க வேண்டாம்.

பிறேக்கில் இழுப்பதற்குக் காரணம் வேறு. பத்து நிமிடம் ஓடி நிறுத்தி, இரண்டு முன் றிம்மின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் பிறேக் பாட்டை அமுக்கும் கலிப்பர் இறுகியிருக்கிறது. அதைச் சஸ்பென்சன் கணக்கில் சேர்க்கக்கூடாது. சூடு ஒரே அளவென்றால் சில்லைக் கீழே சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆர்மின் பின் புஷ்ஷுக்கு ஒரு நெம்புகோல் கொடுத்துப் பாருங்கள். றப்பரின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருப்பது வயசுக்கு இயல்பு. றப்பர் நடு இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்திருந்தாலோ, நெம்பும்போது ஆர்ம் முன்னும் பின்னும் தாராளமாக ஓடினாலோ அந்தப் புஷ் முடிந்துவிட்டது.

முடிந்தது புஷ் என்றால் ஆர்ம் எதற்கு? ஜப்பானில் இருந்து காரோடு வந்த ஆர்ம் நெளியாமல், கறள் தின்னாமல் இருந்தால், மலிவுப் பெட்டியில் வரும் புது ஆர்மைவிட அது எவ்வளவோ உறுதியானது. பக்கத்துக்கு இரண்டாக நாலு நல்ல புஷ் வாங்கி, பிரஸ் உள்ள லேத் பட்டறையில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். வெளிக்கோப்பை நெளிந்து புஷ் சில மாதத்தில் தளர்ந்துவிடும். பின் புஷ்ஷின் றப்பரில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருக்கும். அவை எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று பழையதைக் கழற்றமுன் ஆர்மில் கோடு கீறி அடையாளம் வையுங்கள். திசை மாறினால் புதுப் புஷ்ஷே கிழியும்.

ஓட்டோ கியர்க் கார்கள் சிலவற்றில் இடப்பக்க ஆர்மின் போல்ட் கியர்ப்பெட்டியில் முட்டும்; குறுக்குச் சட்டத்தை இறக்கினால்தான் வெளியே வரும். கூலி கூடுதலாகத் தெரிந்தால் இதற்கா என்று கேளுங்கள். இதற்கென்றால் அது நியாயமான கூலி.

லோவர் ஆர்மைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டுக்கு வருவோம். பணம் குறைவென்றாலும் தள்ளிப்போடக் கூடாத பாகம் இது. கழன்றால் சில்லு மடிந்து கார் நிலத்தில் குந்தும். காரின் சட்டத்துக்கு ஜக் கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லைத் தொங்க விடுங்கள். சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சில்லு பெயாரிங்; மறையாவிட்டால் போல் ஜொயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வருவது, ஸ்டியரிங்கில் இருந்து சில்லைத் திருப்பும் தண்டின் வெளிமுனையான ரை றொட் என்ட் அல்லது உள்முனையான றேக் என்ட்டின் ஆட்டம். எது என்று தெரிய, ரை றொட் என்ட்டை விரலால் பிடித்தபடி ஆட்டச் சொல்லுங்கள். தேய்ந்தது கையிலேயே தட்டும். றப்பர் உறை கிழிந்த ஜொயின்ட்டில் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். எங்கள் செம்மண் தூசி உள்ளே போனால் கிரீஸ் அரைக்கிற பசையாகிவிடும்.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் சொக்கில் எண்ணெய் ஒழுகாமல், ரயரில் மேடு பள்ளமான தேய்வு இல்லாமல் இருந்தால் அந்த 56,000 ரூபாயைச் செலவழிக்காமல் வையுங்கள். றேக் என்ட்டும் முழு ஆர்மும் அப்படியே. இந்த மூன்றும் சேர்ந்து 1,28,000 ரூபாய். சோதித்துக் காட்டாமல் இதற்குச் சம்மதிக்க வேண்டாம். மீதி 67,000. அதிலும் ரை றொட் என்ட்டும் போல் ஜொயின்ட்டும் சோதனையில் தேறினால் குறையும். அதனோடு நாலு புஷ்ஷின் விலையும் பிரஸ் கூலியும் சேரும். சொக் கழற்றுவதற்கான கூலி உங்கள் 24,000 ரூபாய்க்குள் இருந்தால் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கராஜில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. ஆர்மின் போல்ட்டுகளைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. புஷ் சுழல்வதில்லை, றப்பர் முறுகித்தான் ஆர்ம் அசைகிறது. சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் றப்பர் முறுகியே இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். “ஒரிஜினல் புஷ் போட்டும் நிற்கவில்லை” என்று நொந்துகொள்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். தொங்கும்போது நட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரை இறக்கி, இரண்டு முறை அமுக்கி ஆட்டி, சில்லில் பாரம் இருக்கும்போது முழுக்க இறுக்கச் சொல்லுங்கள். போல் ஜொயின்ட்டின், முடி போல் வெட்டுள்ள நட்டில் பூட்டு ஊசிக்கான ஓட்டை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தி நேராக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஊசி புதிதாக இருக்கட்டும்.

கேள்வி: வானின் பின் சொக் ஒன்று ஒழுகுகிறது. எண்ணெய் மாற்றித் திருத்தித் தரலாம், புதியதின் கால்வாசிச் செலவுதான் என்கிறார்கள். திருத்தலாமா? ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: முதலில் ஒழுக்குத்தானா என்று பாருங்கள். சொக்கின் தண்டைச் சுற்றி மேல் பாதியில் மட்டும் தூசி பிடித்த மெல்லிய ஈரம் இருந்தால் அது வியர்வை. துடைத்துவிட்டு ஒரு மாதம் ஓடலாம். எண்ணெய் உடம்பெல்லாம் வழிந்து கீழே பூட்டும் வளையம் வரை நனைந்திருந்தால் ஒழுக்கு.

திருத்துவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. திருத்தும்போது குழாயை வெட்டியோ துளைத்தோ எண்ணெய் நிரப்பி ஒட்டுகிறார்கள். வாயு அடைத்த சொக் என்றால் அந்த வாயு அப்போதே போய்விடும். ஒழுகியதற்குக் காரணம் பெரும்பாலும் தண்டின் குரோம் பூச்சில் விழுந்த கறள் புள்ளிகள்தான். அதே தண்டு புதுச் சீலையும் அரம் போல் அராவும். சில மாதத்தில் மறுபடி கழற்றும் கூலியைக் கூட்டிப் பாருங்கள், கால்வாசி அரைவாசியாகிவிடும்.

சொக் ஒரே அச்சில் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒன்றாக நின்றால் திடீரென்று பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஒருபுறம் இழுபடும். பூட்டமுன் புதுச் சொக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். தண்டைக் குறட்டால் பிடித்து மேல் நட்டை இறுக்கினால் அந்தக் கீறலில் இருந்தே அடுத்த ஒழுக்குத் தொடங்கும். ஜப்பானில் பாவித்த பாகங்கள் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சில்லு பூட்டும் நக்கிள், ஆர்ம், ஸ்பிரிங் போன்ற இரும்பைப் பாவித்தது வாங்கலாம். சொக், போல் ஜொயின்ட், றப்பர் சேர்ந்த எதையும் வாங்காதீர்கள். அங்கே ஓடித் தேய்ந்ததற்கு இங்கே மறுபடி விலை கொடுக்கிறீர்கள்.

கேள்வி: நிசான் சணி, முன் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று உடைந்திருக்கிறது. சுற்றுகளுக்கு இடையில் றப்பர் வைத்து உயர்த்தலாமா? பண்ணைப் பாலத்தால் தினமும் யாழ்ப்பாணம் போய்வருகிறேன்.
— வாசகர், வேலணை

பதில்: கூடாது. காரை இப்போதே நிறுத்துங்கள். உடைந்த முனை இடம் மாறினால் ரயரின் உட்சுவரைக் கிழிக்கும். இடையில் றப்பர் வைத்தால் அந்தச் சுற்று வேலை செய்யாது. மற்றச் சுற்றுகள் கூடுதலாக முறுகி இன்னொரு இடத்தில் உடையும். இரண்டு முன் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். பாவித்ததைத் தேடுவதென்றால் உங்கள் சணியின் சேசிஸ் இலக்கத்தையும், பழைய ஸ்பிரிங்கில் தெரியும் நிறக்கோடுகளையும் காட்டி அதே வகையை எடுங்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பிக்கலாம். ஸ்பிரிங் கழற்றும்போது சொக், மேல் மவுண்ட், மவுண்ட் பெயாரிங், முட்டு றப்பர் எல்லாம் கையில்தான் இருக்கும். மவுண்ட் றப்பர் பிரிந்திருந்தாலோ பெயாரிங் சுற்றும்போது கரகரத்தாலோ அன்றே மாற்றினால் கூலி ஒருமுறைதான். ஸ்பிரிங்கை அமுக்க எதிரெதிராக இரண்டு அமுக்கி வேண்டும். கம்பியால் கட்டிக் கழற்றுகிற இடமென்றால் காரை அங்கே கொடுக்காதீர்கள்; அறுந்தால் ஆளுக்கே ஆபத்து.

உடைந்ததற்குக் காரணம் உப்பு. கீழ்ச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே பெயின்ற் உரிந்து கறள் குழி விழும், அந்தக் குழியில் இருந்தே உடையும். கிழமைக்கு ஒருமுறை கிண்ணத்துக்குள் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஆனால் வீட்டுக் கிணறு உவரென்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். பட்டணத்தில் நல்ல தண்ணீர் உள்ள சேர்விஸ் நிலையத்தில் கழுவிக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிதுளை அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கேள்வி: மாருதி 800. பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறேக் பாட் மாற்றியும் போகவில்லை.
— வாசகர், சுன்னாகம்

பதில்: மாருதி 800இல் ஸ்டெபிலைசர் பார்தான் சில்லை முன்பின் ஓடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பாரின் புஷ் தேய்ந்தால் பிறேக்கில் சில்லு பின்னுக்குப் போய் முட்டும்; அந்தச் சத்தம்தான் இது. பார் ஆர்மோடு சேரும் இடத்துப் புஷ், சட்டத்தோடு பிடிக்கும் இடத்துப் புஷ் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். சஸ்பென்சன் வேலைகளில் மிகக் குறைந்த செலவு இதுதான்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனரை மறுபடி ஓட வைக்கிறோம். முன் சில்லில் லேசான ஆட்டம் இருக்கிறது. பரவாயில்லையா?
— வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: பரவாயில்லை என்று விட முடியாத இடம் அது. மைனரில் போல் ஜொயின்ட் கிடையாது. அதற்குப் பதிலாக ட்ரணியன் என்ற மரைபோட்ட மூட்டு மேலும் கீழுமாகச் சில்லைத் தாங்குகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் கீழ் ட்ரணியனின் மரை தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் மரை முழுதும் விட்டு, சில்லு சரிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் இது நடக்கும். கழற்றி மரையைக் கண்ணால் பாருங்கள். கூர் போய்ச் சவர்க்காரத் துண்டு போல் வழுவழுத்திருந்தால் ட்ரணியனையும் அது ஏறும் மரைத் தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதைப் பழைய மரையில் ஏற்றினால் ஆட்டம் அப்படியே இருக்கும். இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பிக்கலாம்.

பூட்டிய பின் 1000 மைலுக்கு ஒருமுறை, பக்கத்துக்கு மேலொன்று கீழொன்றாக நாலு நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லில் பாரமில்லாமல் அடித்தால்தான் மரையின் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதுக் கிரீஸ் நிறம் காணும்வரை அடியுங்கள்.

கேள்வி: ரை றொட் என்ட் மாற்றிய பிறகு ரயரின் உள்விளிம்பு ஒரே மாதத்தில் தேய்ந்துவிட்டது. பாகம் போலியா?
— வாசகர், நெல்லியடி

பதில்: பாகத்தைக் குறை சொல்லமுன் அலைன்மென்ட் செய்தீர்களா என்று பாருங்கள். உள்விளிம்பு இப்படித் தேய்ந்தால் சில்லுகள் முன்னுக்கு விரிந்து நிற்கின்றன என்பதே முதல் சந்தேகம். பழைய ரை றொட் என்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றில் ஏற்றினால், அலைன்மென்ட் மெசின் வரை ஓடிப்போகப் போதும்; அதற்கு மேல் அதை நம்ப முடியாது. செய்த பிறகு, சரிசெய்யமுன் இருந்த அளவும் சரிசெய்த பின் உள்ள அளவும் சேர்த்து அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது அளவு எழுதாத தாளென்றால், காரை மெசினில் ஏற்றிப் பார்த்தார்களே தவிரச் சரிசெய்யவில்லை.