பரணி காட்டும் போரும் காட்டாத போரும்

கேள்வி: கலிங்கத்துப்பரணியில் போருக்கான காரணம் சில பாடல்களிலேயே முடிந்துவிடுகிறது, பேய்கள் கூழ் சமைப்பதோ நீண்டுகொண்டே போகிறது. இந்நூலைக் கொண்டு சோழ மன்னன் முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் புரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஆனால் பரணி என்னும் இலக்கிய வகை எதைப் பாடச் சொல்கிறது, எதற்கு இடம் தருவதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி உரியது என்கிறது, இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் வகுக்கும் பாட்டியல் மரபு. வெற்றி முடிவான பிறகே தொடங்குகிற நூலில் தோற்றவன் தரப்பு நியாயத்தைத் தேடிப் பயனில்லை. வட கலிங்க வேந்தன் இருமுறை திறை செலுத்த வரவில்லை என்று காஞ்சியில் சோழனிடம் தெரிவிக்கிறார்கள்; அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் படையோடு புறப்பட அதுவே போதுமானதாக இருக்கிறது.

போரைக் காளிக்கு விவரிப்பதும் மனிதர் அல்லர், கலிங்கத்திலிருந்து வந்த ஒரு பேய். பசியால் வாடிய பேய்களுக்குப் போர்க்களம் அடுக்களையாகத்தான் தெரியும். முரசை உரலாகவும் யானைக் கொம்பை உலக்கையாகவும் கொண்டு, மாண்டவர்களின் பற்களை அரிசியாகக் குற்றும்போது அவை பாடும் வள்ளைப்பாட்டிலும் சோழன் புகழே ஒலிக்கிறது. உயிர் தப்பி ஓடும் கலிங்க வீரர்களோ நம்மைச் சிரிக்க வைக்க வருகிறார்கள். வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாடப் போந்து அகப்பட்டுக்கொண்டோம் என்கிறார்கள் சிலர். தூறுகளில் சிக்கித் தலைமயிர் பறிபோய், அரைத்துணியும் உரிபட்டவர்கள் தம்மைச் சமணர் என்று சொல்லிப் பிழைக்கிறார்கள். நூலாசிரியர் செயங்கொண்டாரின் கைவண்ணத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எனினும் அந்த நகையில் மயங்கியவர்களுக்கு ஓடுகிறவனின் அச்சம் உறைப்பதில்லை.

இதே நூலில்தான், கணவனின் உடலைத் தேடி வந்த ஒருத்தி, கையில் ஏந்திய வாள் எங்கே, புறங்கொடாத தோள் எங்கே என்று பயிரவி என்னும் தெய்வத்திடம் கேட்கிறாள். என்னை உலுக்கிய பாடல் அது. ஆனால் அதுவும் ‘காண்மின் காண்மின்’ என்று அடுக்கிக் காட்டப்படும் களக்காட்சிகளுள் ஒன்றாக வந்து கடந்துவிடுகிறது.

நூல் சோழனை வாழ்த்தி முடிகிறது. போர் ஏறத்தாழ 1110 ஆம் ஆண்டில் நடந்தது என்பர். தோற்ற கலிங்க வேந்தனாகிய, பரணி அனந்தபன்மன் என்று குறிப்பிடும் அனந்தவர்மன் சோடகங்கன் அதன் பின்னும் பல்லாண்டு ஆண்டான். புரி செகந்நாதர் ஆலயத்தை எழுப்பத் தொடங்கியவனும் அவனே. அவன் தாய் ஒரு சோழ இளவரசி. இவற்றை அறிய அவன் மரபினரான கீழைக் கங்கரின் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும்தான் நாட வேண்டும்.