டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை

கேள்வி: எனக்கு 61 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். 12 வருடமாக நீரிழிவு, ரத்தக் கொதிப்பும் உண்டு. போன முறை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்த டாக்டர் கணினியைப் பார்த்தபடியே பேசினார். கொதிப்பு ஏறியிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதிலிருந்து படுக்கையை விட்டு எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. நானாகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். அவரிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. இரவில் பேத்தியோடு மருத்துவமனை நாடகங்கள் பார்ப்பேன். ஆங்கில நாடகம் ஒன்றில் கைத்தடி ஊன்றி நடக்கும் டாக்டர் நோயாளிக்கு முகம் கொடுத்தே பேசமாட்டார். ஆனால் யாராலும் முடியாததை அவர்தான் கண்டுபிடிப்பார். "கெட்டிக்கார டாக்டர் அப்படித்தான் இருப்பார், பாசம் காட்டினால் மூளை வேலை செய்யாது" என்கிறாள் மகள். உண்மையா டாக்டர்? நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்: அம்மா, நாடகத்துக்கு வருவதற்கு முன் அந்தத் தலைசுற்றலைப் பார்த்துவிடுவோம். அதைத் தள்ளிப்போட முடியாது.

எழுந்திருக்கும்போது கண் இருட்டினால், நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கொதிப்பு மாத்திரையைக் கூட்டும்போது சிலருக்கு இப்படி ஆகும். பல வருடம் நீரிழிவு இருந்தவர்களுக்கு ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகள் பலவீனப்பட்டும் ஆகும். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், 5 நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். பிறகு எழுந்து நின்று, 1 நிமிடத்தில் ஒரு முறை, 3 நிமிடத்தில் ஒரு முறை. மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான். கண் இருட்டும் நேரத்தில் சர்க்கரையையும் பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாத்திரையை உடைப்பது வேண்டாம். சில மாத்திரைகள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். நாளைக் காலையே மருந்தகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். முழு மாத்திரையா, பழைய அளவா என்று அவர்கள் சொல்லட்டும். அடுத்த தவணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் ஆம்புலன்ஸுக்கு 995தான், யோசிக்கவே கூடாது.

சரி, இப்போது உங்கள் கைத்தடி டாக்டர்.

நீங்கள் சொல்வது 'ஹவுஸ்' நாடகமாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2004 முதல் 2012 வரை ஓடியது. அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி, கதைகளில் வரும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ். துப்பறியும் கதைக்கு முடிச்சு வேண்டும். நோயாளி முதல் 5 நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துபோகும். அதனால்தான் அங்கே நோயாளி எதையாவது மறைக்கிறார், டாக்டரும் அவர் பேச்சை நம்பாமல் விலகி நிற்கிறார். எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய கொள்கை. உண்மையைத் தேடித் தன் உதவி மருத்துவர்களை நோயாளியின் வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக அனுப்புவார், பார்த்திருப்பீர்கள்.

உங்கள் டாக்டர் ஈசூனுக்கு ஆள் அனுப்ப முடியாது அம்மா. உங்கள் வீட்டில் பாதி பாதியாக உடைந்து கிடக்கும் மாத்திரைகள் அவர் கண்ணில் படப்போவதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால், அடுத்த முறை அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து, "கூட்டிக் கொடுத்தும் குறையவில்லையே" என்று இன்னும் கூட்டிவிடுவார். நீங்கள் முழு மாத்திரை போடுவதாகத்தானே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்? உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த இடம் இதுதான்.

நோயாளி சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்று 1975ல் பிரிட்டனில் கணக்கே எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் புதிதாக வந்த 80 பேர். அவர்களில் 66 பேருக்கு என்ன நோய் என்பது பேச்சிலிருந்தே சரியாகத் தெரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்தது 7 பேருக்கு உதவியது, ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இன்னொரு 7 பேருக்கு. இன்றைக்குக் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. இருந்தாலும் தலைசுற்றல் என்று வருகிறவரிடம் "எப்போது சுற்றுகிறது, எழும்போதா, திரும்பிப் படுக்கும்போதா?" என்று கேட்பதுதான் இன்றும் என் முதல் வேலை.

உங்கள் மகள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. 1889ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் படிப்பை முடித்த மாணவர்களுக்கு வில்லியம் ஆஸ்லர் என்ற பெரிய மருத்துவர் ஓர் உரை ஆற்றினார். எது நடந்தாலும் கலங்காமல் இருப்பதுதான் மருத்துவருக்கு முதல் தகுதி என்றார். ரத்தம் கொட்டும்போது கை நடுங்கினால் உயிர் போய்விடும், அவர் சொன்னது சரிதான். ஆனால் மாணவர்களை வகுப்பறையிலிருந்து நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனவரும் அதே ஆஸ்லர்தான். கலங்காமல் இருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. நாடகம் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிடுகிறது.

எனக்கும் இந்த வித்தியாசம் படிக்கும்போது புரியவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர் எங்கள் வார்டில் இருந்தார். ஸ்கேனில் ஈரல் முழுக்கப் புற்றுநோய். தமிழ் தெரியும் என்பதால் அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையைப் பாதி விலக்கி, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னேன். தகவலில் ஒரு தப்பும் இல்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "சரிங்க ஐயா" என்றார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நானும் போய்விட்டேன். அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அன்று மாலை ஒரு மூத்த தாதி நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடம்தான் இருக்கும். பெரியவர் ஒரு மாதமாக ராத்திரி வலியில் தூங்கவே இல்லை என்பதும், யாரோ கொடுத்த பொடி ஒன்றை வெந்நீரில் கலக்கிக் கொடுத்து வந்ததும் அப்போதுதான் வெளியே வந்தன. எங்கள் குறிப்பேட்டில் இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. வலிக்கு அன்றிரவே மருந்து மாற்றினோம். முந்தின ராத்திரிகளெல்லாம் அவர் சும்மா பட்ட வேதனை. இன்று வரை யாரிடமும் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தால், முதலில் நாற்காலியைத் தேடுகிறேன்.

அப்புறம், இன்னொரு வகை நாடகமும் உண்டு. டாக்டர் ஒவ்வொரு நோயாளியோடும் சேர்ந்து அழுவார், அவருக்காக விதிகளை மீறுவார், காதலில்கூட விழுவார். அதுவும் நோயாளிக்கு நல்லதில்லை. உங்கள் டாக்டர் உங்களோடு சேர்ந்து கலங்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் அக்கறை தேவை. அதற்கும் பலன் இருப்பதாகத் தெரிகிறது. உங்களுக்கு நீரிழிவு என்பதால் இதைச் சொல்கிறேன்: அமெரிக்காவில் 29 மருத்துவர்களையும் அவர்களிடம் வந்த 891 நீரிழிவுக்காரர்களையும் ஆராய்ந்து 2011ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்ளும் தன்மை அதிகம் இருந்த மருத்துவர்களிடம் வந்தவர்களில் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. அது குறைவாக இருந்தவர்களிடம் 40 விழுக்காடு. ஆகவே நீங்கள் அதிகமாக ஒன்றும் எதிர்பார்த்துவிடவில்லை.

உங்கள் டாக்டரை நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். வெளியே வரிசை நீண்டிருக்கும். திரையில் உங்கள் சிறுநீரகக் கணக்கு, பழைய மருந்துகள், ஒவ்வாமை எல்லாம் இருக்கும், அதைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டினால்தான் ஆபத்து. ஆனால் "இந்த மாத்திரையால் எழும்போது தலை சுற்றலாம், சுற்றினால் எங்களுக்குப் போன் பண்ணுங்கள்" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அதை அவர் செய்திருக்க வேண்டும்.

போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், உடைத்த பாதிகளையும் சேர்த்து. உட்கார்ந்ததும், அவர் திரைப் பக்கம் திரும்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், மாத்திரை கூட்டினதிலிருந்து எழுந்தால் தலை சுற்றுது. அதனால் பாதிதான் போடுறேன்." திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். என்னிடம் ஒருவர் இப்படி உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான் வரும். ஆங்கிலத்தில் சொல்லச் சிரமமாக இருந்தால் மகளைக் கூட்டிப்போங்கள், அல்லது தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று பதிவு முகப்பிலேயே கேளுங்கள். எத்தனையோ பேர் மொழிக்குக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். டாக்டரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்.

இதற்குப் பிறகும் அவரிடம் மனம்விட்டுப் பேச முடியவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அது துரோகம் ஆகாது. 2023 ஜூலையில் சிங்கப்பூர் அரசு தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற சுகாதாரத் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தங்களுக்கென்று ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். தெரிந்த முகத்திடம் வாய் தானாகத் திறக்கும்.

இப்போதைக்குக் காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். படுத்திருக்கும்போது வந்த எண்ணையும் நின்ற பிறகு வந்த எண்களையும் ஒரு தாளில் குறித்து, மருந்தகத்துக்குப் போன் செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் அம்மா.