சாதனைப் புத்தகம் காத்திருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயரம் 198 செ.மீ. சென்ற ஒரே ஆண்டில் 13 செ.மீ. வளர்ந்திருக்கிறான். அதற்குள் மூன்று முறை காலணி மாற்றியாகிவிட்டது. என் கணவர் 180 செ.மீ., நான் 165 செ.மீ. இரண்டு குடும்பங்களிலும் இப்படி ஓர் உயரம் யாருக்கும் கிடையாது. என் அண்ணன், "கின்னஸுக்கு எழுதிப் போடுவோம், பையன் உலகப் புகழ் பெறுவான்" என்று படிவத்தோடு வந்து நிற்கிறார். மகனோ கூனிக்குறுகி நடக்கிறான்; கேமராவைக் கண்டாலே ஓடுகிறான். மிக உயரமானவர்கள் நெடுநாள் வாழ்வதில்லை என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அது உண்மையா? வளர்ச்சியை நிறுத்த மருந்து உண்டா? அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அண்ணனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எளிது. 2021-இல் உலகின் மிக உயரமான பதின்வயதுப் பையன் என்று கின்னஸ் அங்கீகரித்த கனடாவின் ஒலிவியே ரியூ அப்போது 226.9 செ.மீ. இருந்தார். உங்கள் மகனைவிட ஏறக்குறைய ஓரடி அதிகம். அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, உங்கள் மகன் இன்று நிற்கும் உயரத்தைப் பத்துப் பதினொரு வயதிலேயே எட்டிவிட்டவர். ஆகவே படிவத்தை மடித்து அண்ணனிடமே திருப்பிக் கொடுங்கள். "அந்த அளவுக்கு அவன் உயரம் இல்லை, அண்ணா" என்று சொன்னால் போதும். படிவம் கையில் வைத்திருப்பவரோடு நியாயம் பேசி வென்றவர்கள் குறைவு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 198 என்ற எண் அல்ல. ஓராண்டில் 13 செ.மீ., மூன்று முறை காலணி, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம் ஆகிய மூன்றும்தான். குழந்தை மருத்துவர்கள் ஒரு சிறு கணக்குப் போடுவார்கள். பையன் என்றால் அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கில் 179 வருகிறது. அதிலிருந்து எட்டுப் பத்து செ.மீ. கூடலாம், குறையலாம். உங்கள் மகன் வளர்ந்து முடிப்பதற்கு முன்பே அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறான். காரணம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். உயரமான பிள்ளைகளில் பெரும்பாலோர் முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள்தான். ஆனாலும் இந்த மாதத்துக்குள் ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். பள்ளியிலோ மருத்துவரிடமோ எழுதிவைத்த பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் உயரத்தைவிட, எந்த வயதில் எவ்வளவு வேகமாக ஏறியது என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அவர் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் திகைக்காதீர்கள். எலும்பின் வயதை அதில்தான் பார்ப்பார்கள். நீண்ட எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அவற்றை மெல்ல மூடும். மூடிவிட்டால் உயரம் அதோடு முடிந்தது. பிறகு இரத்தத்தில், வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உண்டாகும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று சோதிப்பார்கள். சர்க்கரை உள்ளே போனால் அது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடுத்தது மூளையின் எம்.ஆர்.ஐ.

தேடுவது இதைத்தான்: மூளையின் அடிப்பக்கத்தில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் கட்டுப்பாடில்லாமல் சுரக்கலாம். கட்டி என்றதும் கலங்க வேண்டாம், அநேகமாக எல்லாமே புற்றுநோய் அல்லாத கட்டிகள். ஆனால் பார்வை நரம்புகள் அதற்கு மேலேயே கடப்பதால், பெரிதானால் பக்கவாட்டுப் பார்வை குறையும். மகனுக்கு அடிக்கடி தலைவலி வருகிறதா, பக்கத்தில் வருபவரைக் கவனிக்காமல் இடித்துக்கொள்கிறானா என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன் இந்தக் கோளாறு வந்தால் ஆள் உயர்ந்துகொண்டே போவார். மூடிய பிறகு வந்தால் கையும் காலும் தாடையும் பெருக்கும், உயரம் ஏறாது. ஆஸ்திரியாவின் ஆடம் ரெய்னர் என்பவருடைய கதை மட்டும் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் அடங்காது. இருபது வயதை ஒட்டி ராணுவத்தில் சேர முடியாத அளவுக்குக் குள்ளமாக இருந்தவர், முப்பது வயதைத் தாண்டியபோது இரண்டு மீட்டரையும் தாண்டியிருந்தார். மருத்துவ வரலாற்றில் குள்ளர், நெட்டையர் என்ற இரண்டு பட்டியலிலும் இடம்பெற்ற ஒரே மனிதர் அவர்தான்.

இன்னொரு சோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஒல்லியாக, விரல்கள் நீண்டு, கைகளை விரித்தால் அந்த அகலம் உயரத்தைவிட அதிகமாக இருக்கும் சிலருக்கு மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கும். அதில் கண் வில்லை நகரலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விரிந்து கிழியலாம். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றவர், 1986-இல் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்துபோனார். அவருக்கு மார்ஃபான் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இதயத்துக்கு ஓர் எக்கோ பரிசோதனை எடுத்தால் பெருந்தமனியின் நிலை தெரிந்துவிடும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய் அல்ல. ஆனால் அது யாரைப் பற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். வாட்லோ 1918-இல் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில், எல்லாக் குழந்தைகளையும் போன்ற எடையோடு பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவை மிஞ்சினார். 1940 ஜூன் 27 அன்று கடைசியாக அளந்தபோது 272 செ.மீ. மருத்துவர்களால் சந்தேகமின்றி அளக்கப்பட்ட மனித உயரங்களில் அதுவே இன்றுவரை உச்சம். அவருடைய காலணி 47 செ.மீ. நீளம். அதை இலவசமாகச் செய்து கொடுத்த நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போனார். மகன் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதற்காக அப்பா காரின் முன்னிருக்கையைக் கழற்றிவிட்டு ஓட்டினார். இந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாட்லோவைக் கொன்றது உயரம் என்று சொல்வது பாதிதான் சரி. அவர் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தது. நடப்பதற்காகக் காலில் கட்டியிருந்த இரும்புத் தாங்கி கணுக்காலை உரசிப் புண்ணாக்கியது. ஜூலை 4 அன்று ஒரு விழாவில் மக்கள் முன் தோன்றியவருக்கு அந்தப் புண்ணில் சீழ் பிடித்தது. இரத்தம் ஏற்றினார்கள், அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 15-ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்தார். வயது 22. பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. பிட்யூட்டரியை அடக்கும் மருந்தெல்லாம் அதற்கும் வெகுகாலம் கழித்து. சீனாவின் ஜெங் ஜின்லியன், பெண்களில் இன்றுவரை உயரத்தில் முதலிடம், 246.3 செ.மீ.; 1982-இல் 17 வயதில் இறந்தார்.

உடல் சிரமப்படுவது உண்மைதான். காரணத்தை 1638-இலேயே கலிலியோ எழுதிவிட்டார். வடிவம் மாறாமல் ஒருவர் 10 சதவீதம் உயர்ந்தால், எடை 33 சதவீதம் கூடும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 21 சதவீதம்தான் கூடும். மூட்டும் முதுகும் அந்தக் கடனைச் சுமக்கும். இதோடு ஹார்மோன் மிகையும் சேர்ந்தால் இதயம் பருக்கும், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வரும். ஆயுளைக் குறைப்பது இந்த இரண்டாவது கூட்டம். அதைக் கண்டுபிடித்து அடக்க இன்று வழி இருக்கிறது. ஏழடிக்கு மேல் உயரம் என்று சர்க்கஸ்களில் விளம்பரப்படுத்தப்பட்ட மார்ட்டின் பேட்ஸ், தன்னைப் போலவே உயரமான கனடாவின் அன்னா ஸ்வானை 1871-இல் லண்டனில் மணந்து, ஒஹையோவில் தங்கள் அளவுக்குக் கதவும் கூரையும் உயர்த்தி வீடு கட்டிக்கொண்டு, 81 வயதுவரை இருந்தார்.

1940-இல் வந்த 272 செ.மீ. ஏன் இன்னும் முறியவில்லை? மனிதர்கள் பொதுவில் உயர்ந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 20 செ.மீ. கூடியிருக்கிறது. ஆனால் உச்சிச் சாதனைகள் நல்ல உணவிலிருந்து வருபவை அல்ல. சிகிச்சை கிடைக்காத ஆண்டுகளின் எண்ணிக்கைதான் அங்கே சென்டிமீட்டராக நிற்கிறது. என் பார்வையில் அந்தப் பட்டியலில் புதிய பெயர் சேராமல் இருப்பதே மருத்துவத்துக்குப் பெருமை. துருக்கியின் சுல்தான் கோசென் 251 செ.மீ. அவருக்குச் சாதனைப் பட்டம் 2009-இல் வந்தது. 2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை. 2012-இல் வளர்ச்சி நின்றது உறுதியானது. பட்டம் அவரைச் சிகிச்சைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

மருந்து உண்டா என்று கேட்டீர்கள். கட்டி இருந்தால் உண்டு. மூக்கின் வழியாகவே சென்று அதை அகற்றுவார்கள். மிச்சம் இருந்தால் ஊசி, மாத்திரை, தேவைப்பட்டால் கதிர்வீச்சு. கட்டி இல்லை, வெறும் உயரம்தான் என்றால் என் பதில் வேறு. 1950-களிலிருந்து சில நாடுகளில், ஆரோக்கியமான உயரமான சிறுமிகளுக்கு, "மாப்பிள்ளை கிடைக்காது" என்ற ரீதியிலான கவலையில் அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து எலும்பு நுனிகளை மூடவைத்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் கருத்தரிப்பதில் சிரமம் இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2004-இல் காட்டியது. பெரியவர்களின் சங்கடத்துக்குக் குழந்தையின் உடலில் மருந்து செலுத்திய கதை அது. நோயில்லாத உயரத்தை நிறுத்தச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

அண்ணன் மறுபடி வருவார். இன்னும் வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்பார். அப்போது முடிவு மகனுடையது, உங்களுடையதுகூட அல்ல. லண்டனில் "அயர்லாந்து ராட்சசன்" என்று காட்சிக்கு வைக்கப்பட்ட சார்லஸ் பர்ன், 1783-இல் 22 வயதில் இறக்கும் முன், அறுத்துப் பார்ப்பவர்கள் கையில் சிக்காமல் தன்னைக் கடலில் புதைக்கச் சொன்னார். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பெருந்தொகை கொடுத்து உடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அருங்காட்சியகத்தில் நின்றது. 1909-இல் அந்த மண்டையோட்டைப் பார்த்துப் பிட்யூட்டரிக் கட்டி இருந்ததை ஊகித்தார்கள். 2011-இல் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை வைத்து, இன்றைய வட அயர்லாந்து நோயாளிகள் சிலருக்கும் அவருக்கும் ஒரே மூதாதை என்று காட்டினார்கள். அதனால் குடும்பங்களுக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பர்ன் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 2023-இல்தான் அருங்காட்சியகம் அந்த எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்தது.

தானே முன்வந்தவர்களும் உண்டு. வாட்லோ சர்க்கஸில் தோன்றியபோது விந்தைக் காட்சிக் கூடாரத்தில் நிற்க மறுத்து, சாதாரண உடையில் நடு அரங்கில் மட்டும் தோன்றினார். துருக்கியின் ருமெய்சா கெல்கி, 215.16 செ.மீ., உயிரோடிருக்கும் பெண்களில் மிக உயரமானவர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு, தனக்கிருக்கும் வீவர் என்ற அரிய கோளாற்றைப் பற்றி உலகத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கம், உக்ரைனின் லெயோனிட் ஸ்டாட்னிக்: புதிய விதிகளின்படி அளக்கவே மறுத்தார், 2008-இல் பட்டம் போயிற்று. கால்நடை மருத்துவராக இருந்த அவர், அளவுக்கேற்ற காலணி இல்லாமல் காலுறையோடு பனியில் நடந்து பாதம் விறைத்து, அந்த வேலையையே விட வேண்டியிருந்தது.

காலணியை இதனால்தான் வலியுறுத்துகிறேன். மற்றச் செலவைத் தள்ளிப்போட்டாவது சரியான அளவில் செய்து கொடுங்கள், குதிகாலும் விரலும் உரசிச் சிவந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். கட்டிலை நீட்டுங்கள். மகனிடம் "நிமிர்ந்து நட" என்று சொல்வதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் யாரும் குனியத்தான் செய்வார்கள். பள்ளியில் பேசி உயரமான மேசை நாற்காலி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எப்போதும் காலையிலேயே அளந்து எழுதிவையுங்கள். நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கி மாலையில் ஒன்றிரண்டு செ.மீ. குறையும், நேரம் மாறினால் கணக்குக் குழம்பும். அளப்பதை அவன் அறையில் செய்யுங்கள், விருந்தினர் முன்னால் வேண்டாம்.

கூடைப்பந்து ஆடச் சொல்லி ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். இதயப் பரிசோதனை முடியும்வரை ஓட்டமும் பந்தயமும் வேண்டாம். முடிவு நல்லபடியாக வந்து, அவனுக்கும் ஆசை இருந்தால் ஆடட்டும். சதுரங்கம்தான் பிடிக்கும் என்றால் பலகையை அவனுக்கேற்ற உயரத்தில் வைத்துக் கொடுங்கள்.